மடக்குக் கத்தியின் நடு ஆணி

1889-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் படையினருக்கெனப் புதிய துப்பாக்கி ஒன்று ஏற்கப்பட்டது. ஷ்மிட்-ரூபின் என்பது அதன் பெயர். அதனைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டுவதற்குத் திருப்புளி ஒன்று இன்றியமையாததாயிற்று. அதே வீரன் தகர டப்பாவில் அடைத்து வந்த உணவையும் திறந்து உண்ண வேண்டியிருந்தது. திருப்புளிக்கு ஒரு பை, திறப்பானுக்கு ஒரு பை, கத்திக்கு ஓர் உறை என அவன் சுமையைப் பெருக்குவதினும் அனைத்தையும் ஒரே பிடிக்குள் மடக்கித் தருவதே தக்கது எனப் படைத்துறையினர் எண்ணினர். அவ்வெண்ணத்தின் விளைவே '1890 மாதிரி' எனப்படும் படைவீரர் கத்தி. வெட்டும் அலகு, துளையூசி, டப்பாத் திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் கருநிற ஓக் மரப் பிடிக்குள் அடங்கின.

இங்கு ஒரு முரணை நோக்குதல் வேண்டும். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவதற்கென்றே பிறந்த இக்கத்தியை, அதனைச் சட்டைப்பையில் சுமந்த வீரனால் பிரித்துப் பூட்ட இயலாது. அதன் உடலைப் பிணைத்து நின்றவை தறையாணிகள். துளை வழியே உலோகக் கம்பியைச் செலுத்தி, இருபுறமும் தலை பரக்கும்படி சுத்தியலால் தட்டி அமர்த்துவதே தறைதல் ஆகும். திருகாணியைத் திருப்பினால் கழலும். தறையாணியோ, அழித்தாலன்றிக் கழலாது. கையில் திருப்புளி வைத்திருப்பவன் அத்திருப்புளி அடங்கிய கத்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் காணவும் வழியில்லை. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிய மடக்குக் கத்தியின் பழைய வரலாற்றுக்குச் செல்ல வேண்டும்.

மடக்குக் கத்தி மிகத் தொன்மையானது. ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஷ்டாட் என்னும் ஊரில், கிறித்துவுக்கு முன் 600-500 ஆண்டுகளைச் சார்ந்த மடக்குக் கத்தி கிடைத்துள்ளது. உரோமர்களும் எலும்பு, வெண்கலம் முதலியவற்றால் பிடியமைத்த மடக்குக் கத்திகளைப் பயன்படுத்தினர். கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உரோமர் காலத்து வெள்ளிக் கருவி ஒன்று உண்டு. கரண்டியும் முள்ளும் கத்தியும் பிறவும் ஒரே உடலில் மடங்கி நிற்கும் அதனைக் கண்டவர்கள், சுவிஸ் கத்தி புதுமை என்று அவ்வளவு உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

இப்பழங்கத்திகளுள் மிகுதியானவற்றின் அமைப்பு எளியது. பிளவுபட்ட பிடி, அதனுள் அலகு, இரண்டையும் துளைத்துச் செல்லும் ஆணி ஒன்று; அவ்வளவே. வில் இல்லை, பூட்டு இல்லை. ஆணியின் இறுக்கத்தால் உண்டாகும் உராய்வு ஒன்றே அலகை நிறுத்திற்று. நாளடைவில் ஆணி தேய்ந்து அலகு ஆடத் தொடங்கினால், உடையவன் கத்தியைக் கல்லின்மேல் கிடத்தி ஆணித்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவான், மீண்டும் இறுகும். ஆணி முற்றும் தேய்ந்துபோயின், ஊர்க் கொல்லனிடம் ஒரு துண்டுக் கம்பி பெற்று வேறோர் ஆணி அடித்துக்கொள்வான். கத்தியைப் பிரிக்கவும் பொருத்தவும் தனியறிவு ஏதும் வேண்டியதில்லை.

தமிழாசிரியர்களுக்கு இவ்வகை அமைப்பு புதியதன்று. உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைக் கூறுமிடத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பனவற்றைக் குறிப்பிடுகிறார். மடக்கெழுத்தாணி என்பது பிடிக்குள் மடக்கிக்கொள்ளத் தக்கது. ஓலையை நறுக்கும் கத்தி ஒருபுறமும் எழுத்தாணி மறுபுறமுமாக ஒரே பிடியில் மடங்கும் எழுத்தாணிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். எழுதுவோன் இடுப்பில் செருகிக்கொண்டு சென்ற அக்கருவி, ஐரோப்பியரின் பேனாக்கத்திக்கு ஒருவகையில் உடன்பிறப்பு எனலாம்.

பேனாக்கத்தி என்னும் சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று இன்றைய மாணாக்கர் வினவக்கூடும். வாத்தின் இறகைச் சீவி எழுதிய காலத்தில், எழுத எழுத அதன் முனை மழுங்கும். மீண்டும் மீண்டும் சீவ வேண்டும். அதற்கென்று அமைந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. ஐரோப்பியப் பள்ளிகளில் பிள்ளைகளின் இறகுகளைச் சீவித் தருவது ஆசிரியரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகள் எஃகு முனைகளைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியபின் அக்கடமை ஒழிந்தது. கத்தியின் பெயர் மட்டும் ஒழியவில்லை.

ஓர் ஆணிக் கத்தி உலகினின்றும் மறைந்துவிடவில்லை. பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-ஆம் ஆண்டில் அமைத்த உழவர் கத்தியும் மரப்பிடி, அலகு, ஓர் அச்சாணி என்னும் அளவிலேயே நின்றது. அலகு தானே மடங்காதிருக்கத் திருப்பிப் பூட்டும் வளையம் அதற்கு 1955-இல்தான் வந்தது. சப்பானில் ஹியோகோ மாநிலத்து மிக்கி நகரில் 1890-களில் தோன்றிய ஹிகோனொகாமி என்னும் கத்தியும் அத்தகையதே. மடித்த உலோகத் தகடே அதன் பிடி, ஆணி ஒன்றே. பல தலைமுறை சப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அதனால் பென்சில் சீவினர். 1960-ஆம் ஆண்டு அக்டோபரில் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்குக் கருவியானது இக்கத்தியன்று, குறுவாள். ஆயினும் பிள்ளைகள் கையில் கூரிய பொருள் இருத்தலாகாது என்று நாடெங்கும் எழுந்த இயக்கம் ஹிகோனொகாமியைப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றியது. அதனைச் செய்துவந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பெயரைச் சட்டப்படி பயன்படுத்தும் பட்டறை இன்று ஒன்றே எஞ்சியுள்ளது. சப்பானியர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. பென்சிலைத் தன் கையால் சீவத் தெரியாத தலைமுறை ஒன்று அதனால் உருவாயிற்று என்று அந்நாட்டினரே பிற்காலத்தில் வருந்தியதுண்டு.

இனி வில்லுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பெயர் பெற்றது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞராகிய சாசரின் கதைமாந்தன் ஒருவனே ஷெஃபீல்டுக் கத்தியைத் தன்னிடம் வைத்திருந்தான் எனின், அந்நகரின் புகழ் எத்துணைப் பழமையானது என்பது விளங்கும். 1624-ஆம் ஆண்டில் அங்குக் கத்திக் கொல்லர் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அதே 17-ஆம் நூற்றாண்டில் வில் பொருத்திய மடக்குக் கத்தி அந்நகரில் தனித் தொழிலாக வளர்ந்தது. அதுமுதல் கத்தியைப் பிரித்துப் பொருத்தும் அறிவு உடையவனை விட்டு விலகிப் பட்டறைக்குள் புகுந்தது.

வில் எனின் சுருள்வில் என்று கொள்ளற்க. கத்தியின் முதுகுப்புறம் நெடுகக் கிடக்கும் எஃகுப் பட்டை அது. அலகின் அடிப்பகுதியைக் காம்பு எனக் கொள்வோம். காம்பின் முனை ஏறத்தாழச் சதுரமாக அராவப்பட்டிருக்கும். அலகு விரிந்து நிற்கையில் சதுரத்தின் ஒரு பக்கம் வில்லின் நுனியோடு படிந்து அமரும்; மடங்கிக் கிடக்கையில் மற்றொரு பக்கம் படியும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே சதுரத்தின் மூலை வில்லை மேலே உயர்த்தும். உயர்ந்த வில் மீண்டும் தாழ முயல்வதால், அலகு இடையில் தங்காது விரிந்தோ மடங்கியோ விழும். நாம் கத்தியை மடக்கும்போது எழும் 'டக்' என்னும் ஓசை வில் தன் இடத்தில் வந்து அமரும் ஓசையே.

இவ்வமைப்புக்கு மூன்று ஆணிகள் தேவை. ஒன்று, அலகு சுழலும் அச்சாணி. மற்றொன்று, வில்லின் கடைமுனையைப் பிடியோடு பிணைக்கும் ஆணி. எஞ்சியது வில்லின் நடுவே செல்லும் ஆணி. கத்திக் கொல்லனின் திறம் முழுவதும் இந்நடு ஆணியில் அடங்கியுள்ளது. முதல் இரண்டையும் செருகிவிட்டுப் பார்த்தால், வில்லின் நடுத்துளையும் பிடித்தகட்டின் துளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்பதில்லை. மயிரிழை அளவு விலகி நிற்கும். அவ்விலகல் பிழையன்று, கொல்லன் கருதியே அமைத்தது. வில்லை அழுத்தி வளைத்து, துளைகள் நேர்ப்படும் அக்கணத்தில் நடு ஆணியைச் செலுத்திவிட்டால், வில் தன் பழைய நிலைக்கு மீள இயலாமல் என்றும் காம்பை அழுத்திக்கொண்டே இருக்கும். துளைகள் முன்னரே நேராக இருந்திருப்பின் வில்லில் விசை இராது; அலகு தொங்கும். விலகல் மிகுந்துவிட்டால் நகத்தைக் கிழிக்கும் கடினம் உண்டாகும், அல்லது வில் முறியும். ஒரு நூலிழைக்கும் இரண்டு நூலிழைக்கும் இடைப்பட்ட அளவை அவன் கண்ணாலும் விரலாலும் அறிந்தான்.

ஒரு கத்தி ஒரே முறையில் பொருத்தப்படுவதும் இல்லை. கொல்லன் முதலில் தளர்ந்த ஆணிகளைக் கொண்டு தற்காலிகமாகப் பொருத்துவான். அலகை விரித்துப் பார்ப்பான். வில்லின் முதுகு பிடியின் விளிம்புக்கு மேலே எழுந்திருக்கும். பிரிப்பான், காம்பை அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பான், மீண்டும் பொருத்துவான். இப்போது மடக்கிப் பார்ப்பான், வில் தாழ்ந்திருக்கும். மறுபடியும் பிரிப்பான். விரித்த நிலை, மடக்கிய நிலை ஆகிய இரண்டிலும் வில்லின் முதுகு பிடியோடு ஒரே மட்டமாக நிற்கும்வரை இது நிகழும். இத்தனை முறை பிரித்துப் பொருத்திய பின்னரே நிலையான ஆணிகளை அடிப்பான். நாம் வாங்கும் கத்தி பிரிக்கப்படாத பொருளாகத் தோன்றினாலும், உண்மையில் அது பலமுறை பிரிக்கப்பட்டு இறுதியில் மூடப்பட்ட பொருள்.

இறுதித் தறைதலும் எளிதன்று. அச்சாணியின் தலையில் சுத்தியல் சற்று மிகுதியாக விழுந்தால் பிடித்தகடுகள் அலகை நெருக்கிவிடும். குறைந்தால் அலகு பக்கவாட்டில் ஆடும். சிலர் காம்புக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகிவைத்துத் தட்டி, பின் அதனை உருவிவிடுவர். அத்துண்டின் தடிப்பே அலகு அசைவதற்கான இடைவெளியாகும். தட்டி முடித்த ஆணித்தலையை அராவி மெருகிட்டபின், ஆணி எங்கே இருக்கிறது என்று தேடினாலும் புலப்படாது.

ஷெஃபீல்டில் இவ்வேலைகள் பல கைகளுக்குப் பிரிந்திருந்தன. அலகைப் பட்டடையில் அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் மற்றொருவர், பொருத்துபவர் வேறொருவர். இவர்களுள் பொருத்துபவருக்கே கத்திக் கொல்லர் என்னும் பெயர் சிறப்பாக உரியதாயிற்று என்பது கருதத் தக்கது. நெருப்பில் அடித்தவனுக்கும் கல்லில் தீட்டியவனுக்கும் இல்லாத பெயரைச் சேர்த்தவன் பெற்றான். சாணை பிடித்தவர்கள் பெற்றது வேறு. கல்தூளும் எஃகுத்தூளும் நுரையீரலில் படிந்து அவர்களுள் பலர் இளவயதிலேயே இறந்தனர். 1840-களில் ஷெஃபீல்டு மருத்துவர்கள் அந்நோயைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். கத்தியின் பளபளப்பைப் பாராட்டும் போது இதனையும் நினைத்தல் நன்று.

அந்நகரத்தார் தம் திறமையைக் காட்ட விரும்பி 1851-ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்கென 'நார்ஃபோக் கத்தி'யைச் செய்தனர். ஜோசஃப் ரோஜர்ஸ் நிறுவனத்தாரின் படைப்பாகிய அதில் 75 அலகுகளும் கருவிகளும் உண்டு. எவரும் அதனால் எதையும் வெட்டப் போவதில்லை. எனக்கு அத்தகைய வேடிக்கைகளில் பெரிய மதிப்பு இல்லை. ஆயினும் 75 கருவிகளுக்கும் வில் அமைத்து, ஒன்றையொன்று இடிக்காமல் பொருத்தி மூடியவர்களின் பொறுமையை மறுக்க முடியாது.

இங்கே நம்மவர் தொடர்பு ஒன்றையும் குறிப்பிடலாம். தென்னிந்தியாவில் மண்மூசையில் இட்டு உருக்கிய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என அழைத்தனர். கன்னடத்தில் உக்கு என்றும் தமிழில் உருக்கு என்றும் வழங்கும் சொல்லின் திரிபே அது என்பர். 1795-இல் இலண்டன் அரசுக் கழகத்தில் அவ்வெஃகைப் பற்றிய ஆய்வுரை படிக்கப்பட்டது. பின்னர் மைக்கேல் ஃபாரடே 1819-இல் அதனைப் பகுத்தாராய்ந்தார். அவருடன் இணைந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் யார்? இலண்டனில் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்து விற்ற கத்திக் கொல்லர். மின்னியலின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்படும் ஃபாரடேயைத் தென்னாட்டு உருக்கின்பால் ஈர்த்ததில் ஒரு கத்திக் கொல்லருக்குப் பங்கு உண்டு.

பட்டறைக்குள் புகுந்த அறிவு அங்கேயே அடைபட்டுக் கிடந்ததா எனின், இல்லை. அதனை வெளிக்கொணர்ந்தவர்களுள் தலையாயவர் ஒரு கத்திக் கொல்லரின் மகனே. பிரான்சின் இலாங்ர் நகரில் திதியே திதெரோ என்பவர் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்து நற்பெயர் பெற்றிருந்தார். 1713-இல் பிறந்த அவர் மகன் தெனி திதெரோ தந்தையின் தொழிலை மேற்கொள்ளவில்லை, எழுத்தாளரானார். 1751 முதல் அவர் பதிப்பித்த கலைக்களஞ்சியம் அறிவுலகில் பெரும்புயலை எழுப்பியது என்பதை வரலாறு பயின்றோர் அறிவர். அதன் உரைநூல்கள் 17, படத்தொகுதிகள் 11. சமயத்தையும் அரசையும் பற்றிய அதன் கருத்துகளையே பலரும் பேசுவர். ஆனால் அப்படத்தொகுதிகளைப் புரட்டுபவர் காண்பது பட்டறைகளை. மேற்பாதியில் தொழிலாளர் வேலை செய்யும் காட்சி. கீழ்ப்பாதியில் அவர்தம் கருவிகளும் உறுப்புகளும் தனித்தனியே பரப்பி வைக்கப்பட்டிருக்கும். கத்திக் கொல்லரின் தொழிலும் அவற்றுள் இடம்பெற்றது.

தொழில் மறை என்று சங்கங்கள் காத்துவந்ததைப் படமாக்கி அச்சிட்டு எவரும் காணும்படி செய்தது சிறுசெயல் அன்று. தந்தையின் பட்டறையில் சிறுவயதில் அவர் கண்டவை அவர் துணிவுக்கு ஓரளவேனும் காரணமாயிருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அவர் காலத்திலேயே, 1771-ஆம் ஆண்டு முதல், பாரிசு நகரக் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெர்ரே தம் தொழிலைப் பற்றித் தாமே விரிவான நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். கொல்லன் எழுதுகோல் எடுத்துத் தன் கைத்தொழிலைத் தானே விளக்கிய நூல்கள் உலகில் மிகுதியாக இல்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் கைத்தொழிற் கல்வியைப் பற்றிப் பேசும்போது உரூசோவின் பெயர் வரும். பெஸ்டலாசியின் பெயர் வரும். பெர்ரேயின் பெயர் வருவதில்லை.

எனினும் படத்தில் காண முடியாத ஒன்று உண்டு. உறுப்புகள் எத்தனை, அவற்றின் வடிவம் யாது, எதன் பக்கத்தில் எது என்பவற்றைப் படம் காட்டும். நடு ஆணியைச் செலுத்துகையில் வில்லை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் காட்டாது. அதனை அருகிருந்து கற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இப்போது சுவிட்சர்லாந்துக்கு மீள்வோம். 1890 மாதிரிக் கத்திக்கு ஆணை பிறந்தபோது, அத்தனை கத்திகளை ஒருங்கே செய்து தரவல்ல தொழிற்சாலை அந்நாட்டில் இல்லை. முதற்றொகுதியாகிய 15,000 கத்திகள் செருமனியின் சோலிங்கன் நகரத்து வெஸ்டர் நிறுவனத்தில் செய்யப்பட்டன. தன் நாட்டுப் படைவீரன் அயல்நாட்டுக் கத்தியைச் சுமப்பது கார்ல் எல்ஸ்னர் என்பவருக்குப் பொறுக்கவில்லை. 1860-இல் பிறந்த இவர் தொப்பி செய்வோரின் மகன். பாரிசிலும் செருமனியின் டுட்லிங்கனிலும் தொழில் பயின்று, 1884-இல் ஷ்வீஸ் மாநிலத்து இபாக் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்தவர். அப்பகுதி வறுமை மிக்கது. வேலை தேடி மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய காலம் அது. ஊரிலேயே வேலை தர வேண்டும் என்பது எல்ஸ்னரின் நோக்கங்களுள் ஒன்று.

அவர் ஏறத்தாழ 25 கத்திக் கொல்லர்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்து, 1891-இல் படைக்குக் கத்திகளை அளிக்கத் தொடங்கினார். ஆயின் சோலிங்கன் தொழிற்சாலைகள் குறைந்த விலையில் செய்தன. இழப்பு வரவே மற்றவர் விலகினர். எல்ஸ்னர் தனித்து நின்று கடனில் மூழ்கினார்; உறவினர் கைகொடுத்ததாலும் கடன் கொடுத்தோர் இசைந்ததாலும் மீண்டார். படைவீரர் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதனினும் நேர்த்தியான ஒன்றை அதிகாரிகளுக்கெனச் செய்ய முற்பட்டு, 1897-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள் சட்டப்படி பதிவு செய்தார். சிறிய அலகு ஒன்றும் தக்கைத் திருகு ஒன்றும் அதில் கூடின. கூடியும் கத்தி தடிக்கவில்லை. காரணம் வில்லில் இருந்தது. ஆறு கருவிகளுக்கு அவர் வைத்தவை இரண்டே வில்கள். பிடியின் இருபுறத்துக் கருவிகளையும் ஒரே வில் தாங்குமாறு அமைத்தார். வில்லின் இரு முனைகளும் வேலை செய்ய வேண்டுமாயின் அதனைக் கடைமுனையில் பிணைத்தல் கூடாது. நடுவில் பிணைக்க வேண்டும். துலாக்கோலுக்கு நடுநாவு போல நடு ஆணி வில்லுக்கு ஊன்றாயிற்று.

படைத்துறை அக்கத்தியை அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. விரும்பியவர்கள் தம் காசு கொடுத்து வாங்கினர். உலகமெங்கும் புகழ் பெற்றதோ அரசு ஏற்காத அக்கத்தியே. 1909-இல் எல்ஸ்னரின் தாயார் விக்டோரியா மறைந்தபோது அவர் பெயரையே தம் பொருளுக்கு வணிகப் பெயராக்கினார். துருப்பிடிக்காத எஃகு வந்தபின், 1921-இல், அவ்வெஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல் அதனோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. எல்ஸ்னர் அதனைக் காணவில்லை. அவர் 1918-இல் காலமானார். 1908 முதல் படையின் ஆணையில் ஒரு பாதியைப் பெற்றுவந்த வெங்கர் நிறுவனத்தையும் 2005-இல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது.

இத்தகைய கத்தி ஒன்றைப் பிரித்தவர்கள் காண்பது என்ன? பக்கத்துச் சிவப்புத் தகடுகளை நெம்பி எடுத்தால் பித்தளை ஆணிகளின் தலைகள் தெரியும். அத்தலைகளை அராவினால்தான் ஆணிகள் வெளிவரும். வெளிவந்தவுடன் அலகுகளும் வில்களும் இடைத்தகடுகளும் சீட்டுக்கட்டுப் போலச் சரியும். எந்த வில் எந்த அடுக்கிற்கு உரியது, எந்த முகம் மேல்நோக்கி இருந்தது என்பதைக் குறித்து வைக்காதவர் திகைப்பர். பழைய ஆணிகள் பயன்படா. அதே தடிப்புள்ள புதிய பித்தளைக் கம்பியை அறுத்து, அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கோத்து, வில்களைப் பற்றுக்குறட்டில் அழுத்தி, துளைகள் நேர்ப்படும்போது கம்பியைச் செலுத்தி, தலையைச் சிறுகச் சிறுகத் தட்ட வேண்டும். 1660-இல் ஷெஃபீல்டுக்காரன் செய்ததும் இதுவே. தொழிற்சாலை வந்ததனால் பொறி வேகமாயிற்று; செயல் மாறவில்லை.

மாற்றம் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருகாணி வடிவில் வந்தது. 1967-இல் டார்க்ஸ் எனப்படும் ஆறு மடல் விண்மீன் வடிவத் திருகாணித் தலை தோன்றியது. சிறிய ஆணியாயினும் திருப்புளி வழுக்காத அமைப்பு அது. கத்தி செய்வோர் தறையாணியை நீக்கி இவ்வகை ஆணிகளை வைக்கலாயினர். தென்னாப்பிரிக்காவில் தொழில் தொடங்கி அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் குடியேறிய கிறிஸ் ரீவ் என்பார் செய்த கத்திக்கு, சூலு மொழியில் வேலை எனப் பொருள்படும் 'செபென்சா' என்று பெயரிட்டார். உடையவனே பிரித்துத் துடைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தோடு செய்யப்பட்டது அது. அதற்குரிய கருவியும் உடன் வந்தது. ஆயினும் எல்லா நிறுவனத்தாரும் அவ்வாறு மனம் திறந்துவிடவில்லை. திருகாணி வைத்துவிட்டு, அதனைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியவர்களும் உண்டு. கதவை வைத்துவிட்டுத் திறக்காதே என்பது போன்றது அது.

திருகாணிக் கத்தியைப் பொருத்துவதிலும் பழைய நுட்பம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அலகின் இருபுறமும் வெண்கலத்தாலோ நைலானாலோ ஆன மெல்லிய வட்டத்தகடு ஒவ்வொன்று உண்டு. ஒன்றை மறந்தால் அலகு ஒருபுறம் சாயும். இரண்டையும் ஒரே பக்கம் வைத்தாலும் சாயும். அச்சாணியை முற்ற முறுக்கினால் அலகு விரியாது. கால் சுற்றுத் தளர்த்தினால் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் உண்டு. அங்கே நிறுத்தி, ஆணி தானே தளராதிருக்கத் துளிப் பசை இடுவர். அலகு உராயும் இடத்தில் எண்ணெய் வேண்டும். மரையில் எண்ணெய் பட்டாலோ பசை பற்றாது. மாணாக்கர் ஒருவருக்கு இதனைக் கற்பிக்க நேர்ந்தால், பிரிக்கும்போதே ஒரு தாளில் உறுப்புகளை எடுத்த வரிசையில் இடமிருந்து வலமாக வைக்கச் சொல்லலாம். பொருத்தும்போது வலமிருந்து இடமாகப் படித்தால் போதும். திதெரோவின் படத்தொகுதிக்கும் அத்தாளுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

தறையாணிக் கத்தியை முதலிலிருந்து முடிவுவரை தம் கையாலேயே செய்யும் தனிக் கொல்லரை ஷெஃபீல்டில் 'லிட்டில் மெஸ்டர்' என வழங்குவர். சிறு பட்டறைத் தலைவர் என்பது பொருள். ஒரு காலத்தில் அந்நகரின் சந்துகளில் அவர்கள் நிறைந்திருந்தனர். அவர்களுள் இறுதியானவர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட ஸ்டான் ஷா 1926-இல் பிறந்தார். பதினான்கு வயதில் இபர்சன் நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்ந்து, முதிய கொல்லர்களின் அருகிருந்து கற்றார். முதுமையில் கெல்லம் தீவு அருங்காட்சியகத்தில் அவருக்கென ஒரு சிறு பட்டறை ஒதுக்கப்பட்டது. காண வந்தோர் நின்று பார்க்க, அவர் அரத்தால் அராவிப் பொருத்தி, பிரித்து, மீண்டும் பொருத்திக்கொண்டிருந்தார். 2021-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்தார்.

கத்தி சேகரிப்போரிடையே ஒரு வழக்கு உண்டு. வில்லுள்ள கத்தியை நடை, பேச்சு என்னும் இரண்டு சொற்களால் அளப்பர். அலகு விரியும்போது தடையின்றி ஒரே சீராக நகர்வது நடை. வில் வந்து அமரும் ஓசை பேச்சு. நடு ஆணி அடித்து, தலையை மெருகிட்டு முடித்ததும் கொல்லன் கத்தியை இருமுறை மூன்றுமுறை விரித்து மடக்குவான். ஓசை மழுங்கலாக வந்தால் அவன் முகம் மாறும். அப்போது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஆணியை வெளியே தள்ளும் கருவியை மீண்டும் கையில் எடுப்பான்.